வண்டியின் பின் கண்ணாடியில் தமிழ் எழுத்து: எந்த வினைல், எந்த அளவு, எப்படி ஒட்டுவது?

3 மார்ச் 2025 (கேள்வி)

மெஸ் சாப்பாடு டெலிவரிக்கு ஒரு பழைய ஆம்னி வேன் வைத்திருக்கிறேன். பின் கண்ணாடி முழுக்க மெஸ் பெயர், போன் நம்பர், 'வீட்டுமுறைச் சாப்பாடு', ஞாயிறு ஸ்பெஷல் எல்லாவற்றையும் சிவப்பு எழுத்தில் போட ஆசை. போன வருடம் ஒட்டியது ஒரே கோடையில் ஓரம் சுருங்கிவிட்டது. புள்ளிகள் உதிர்ந்து 'மெஸ்' இப்போது 'மெஸ' என்று நிற்கிறது. "எந்த ஸ்டிக்கர் ஆனாலும் ஒன்றுதான், வெயில் அப்படி" என்கிறார் கடைக்காரர். உண்மையா?

3 மார்ச், இரவு (பதில்)

உண்மையில்லை. வெயில் எல்லோருக்கும் ஒன்றுதான், வினைல் (ஸ்டிக்கர் வெட்டும் பிளாஸ்டிக் தகடு) ஒன்றில்லை. அதற்கு முன்னால் நிறத்தைப் பேசிவிடலாம், ஏனென்றால் நீங்கள் கேட்ட சிவப்பு அங்கே எடுபடாது.

வெளியிலிருந்து பார்த்தால் வண்டிக் கண்ணாடி கறுப்பாகத்தான் தெரியும். உள்ளே வெளிச்சம் குறைவு, அவ்வளவுதான் காரணம். கறுப்பின் மேல் சிவப்பு, நீலம், கரும்பச்சை எதுவும் பத்தடி தாண்டினால் கரைந்துவிடும். வெள்ளை முதல் தேர்வு, மஞ்சள் அடுத்தது. சிவப்பு வேண்டும் என்று மனம் கேட்டால் வெள்ளை எழுத்துக்குக் கீழே ஒரு சிவப்புப் பட்டை போடுங்கள். எழுத்தைச் சிவப்பாக்காதீர்கள். சிவப்பு மற்ற நிறங்களைவிடச் சீக்கிரம் வெளுக்கவும் செய்யும்.

வினைல் பற்றி நாளை எழுதுகிறேன்.

4 மார்ச்

சரி, வினைல். கடையில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று காலண்டர்ட்: பிளாஸ்டிக் மாவைச் சூடான உருளைகளுக்கு இடையில் இழுத்துத் தகடாக்குவது. இழுத்துச் செய்த பொருள் என்பதால் சூடு ஏறும்போதெல்லாம் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். உங்கள் எழுத்து ஓரம் சுருங்கியது இதனால்தான். எழுத்தைச் சுற்றி மெல்லிய கோடாகப் பசை வெளியே தெரிந்து, அதில் தூசி படிந்து கறுத்திருக்கும், பாருங்கள். எழுத்து முதலில் இருந்த எல்லை அந்தக் கோடு.

இன்னொன்று காஸ்ட்: திரவமாக ஊற்றி உலர வைப்பது. யாரும் இழுக்கவில்லை, ஆகவே சுருங்க அதற்குக் காரணமும் இல்லை. தடிமன் சுமார் 50 மைக்ரான்தான் இருக்கும், விலை அதிகம். பம்பர், கதவு மடிப்பு மாதிரி வளைவான இடத்துக்கு அதுதான் வேண்டும்.

ஆம்னியின் பின் கண்ணாடி ஏறக்குறைய தட்டை. அதற்கு காஸ்ட் தேவையில்லை. காலண்டர்டிலேயே மோனோமெரிக், பாலிமெரிக் என்று இரண்டு தரம் உண்டு. மோனோமெரிக் மலிவு, சுருக்கம் அதிகம். பாலிமெரிக் வகையோ அதற்கு நெருங்கிய இடைத்தரமோ கேளுங்கள். ஆராகல் 651 பல கடைகளில் இருக்கும், 63 மைக்ரான், ஜெர்மனியின் ஓராஃபோல் தயாரிப்பு. கம்பெனி சொல்லும் ஆயுள் ஆண்டுகள் நடு ஐரோப்பிய வெயிலுக்கும், செங்குத்தாக நிற்கும் பரப்புக்கும் கணக்கிட்டவை. ஈரோட்டு வெயிலில் நிற்கும் வண்டிக்கு அதில் பாதியை நம்பினால் போதும்.

தரத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி: ரோலைத் திருப்பி, பின்பக்கத்துத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல வினைலில் கம்பெனி பெயரும் வகை எண்ணும் பெரும்பாலும் அச்சாகி இருக்கும். வெறும் வெள்ளைத் தாள் என்றால் விலையைப் பார்த்து முடிவெடுங்கள்.

6 மார்ச்

"எழுத்து எத்தனை இஞ்ச்?" என்று கோவைக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. எல்லோரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

போர்டு வேலையில் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஒரு இஞ்ச் உயரத்துக்குப் பத்தடி தூரம். மூன்று இஞ்ச் எழுத்தை முப்பதடியில் சிரமமில்லாமல் படிக்கலாம். ஆனால் அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்கான கணக்கு. தமிழில் 'கி' மேலே கொக்கி போடுகிறது, 'ழு' கீழே வால் விடுகிறது. கம்ப்யூட்டரில் வரி முழுவதையும் தேர்ந்தெடுத்து "மூன்று இஞ்ச்" என்று வைத்தால் கொக்கியின் உச்சியிலிருந்து வாலின் அடிவரை மூன்று இஞ்ச். 'க' என்ற உடல் மட்டும் பார்த்தால் இரண்டு இஞ்சுக்கும் கீழே போயிருக்கும். அதனால் ஆர்டர் கொடுக்கும்போது, "'க' மட்டும் மூன்று இஞ்ச் வரணும்" என்று சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதற்கு ஏற்றபடி தானாக வரும்.

எழுத்துக் கோட்டின் தடிமனுக்கு அரசாங்கமே ஒரு அளவுகோல் கொடுத்திருக்கிறது. கார் நம்பர் பிளேட்டில் எழுத்து 65 மில்லிமீட்டர் உயரம், 10 மில்லிமீட்டர் தடிமன், எழுத்துக்கு எழுத்து 10 மில்லிமீட்டர் இடைவெளி என்று மத்திய மோட்டார் வாகன விதி 51 சொல்கிறது. ஆறரைக்கு ஒன்று. தமிழுக்கு நான் ஏழுக்கு ஒன்று வைப்பேன், ஏனென்றால் 'ண', 'ஞ', 'ஸ்ரீ' எல்லாவற்றிலும் உள்ளே சுழி இருக்கிறது. ரொம்பத் தடித்தால் சுழி அடைத்துக்கொள்ளும், மெலிந்தால் தூரத்தில் காணாமல் போகும்.

பின்னால் வருபவர் யார் என்பதையும் யோசியுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர், அதாவது 36 அடி ஓடுகிறது. இரண்டு நொடி இடைவெளி விட்டு வருகிறவர் எழுபதடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். அவருக்கு மெஸ் பெயர் தெரிந்தால் போதும். போன் நம்பரை எழுதிக்கொள்கிறவர் சிக்னலில் உங்கள் பின்னால் நிற்கிறவர், அவருக்கு ஒன்றரை இஞ்சே தாராளம். ஞாயிறு ஸ்பெஷலை யாரும் படிக்கப் போவதில்லை. எடுத்துவிடுங்கள்.

6 மார்ச், இரவு

புள்ளி. மறந்தே போனேன். கேள்வியே அதில்தான் தொடங்கியது.

வினைலில் முதலில் உதிர்வது புள்ளிதான். 4 மில்லிமீட்டர் புள்ளிக்குக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளக் கிடைக்கும் இடம் சுமார் 12 சதுர மில்லிமீட்டர். அதையே 8 மில்லிமீட்டர் ஆக்கினால் இடம் நாலு மடங்கு. கண்ணாடியைத் துணியால் துடைக்கிற ஒவ்வொரு முறையும் அந்தத் துணி புள்ளியின் ஓரத்தைத்தான் தேய்க்கிறது. 5 மில்லிமீட்டருக்குக் கீழே நான் புள்ளி வெட்டுவதே இல்லை, ஃபான்ட் என்ன சொன்னாலும் பெரிதாக்கிவிடுவேன். சில ஃபான்ட்களில் புள்ளி நடுவில் ஓட்டையோடு வளையமாக வரும். தாளில் அழகு, கண்ணாடியில் ஒரு மாதம்கூடத் தாங்காது. ஓட்டையை அடைத்து வெட்டச் சொல்லுங்கள்.

11 மார்ச்

வாட்ஸ்அப்பில் அனுப்பிய வரியைக் கடைக்காரர் அப்படியே போட்டு, 'மெஸ்' என்பது 'ம'வுக்குப் பின்னால் ஒற்றைக்கொம்பு வந்து நின்றதாக இன்னொருவர் படம் போட்டிருக்கிறார். அது கடைக்காரரின் தமிழ்க் குறை இல்லை. போனில் நாம் அடிப்பது யூனிகோடு. கடைகளில் டிசைன் செய்யும் சாஃப்ட்வேரான பழைய கோரல்டிராவுக்கு யூனிகோடு தமிழை ஒழுங்காகக் கோர்க்கத் தெரியாது, கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவராது. அதனால்தான் பல கடைகளில் இன்றும் பாமினி மாதிரிப் பழைய ஃபான்ட்களில் மறுபடி தட்டச்சு செய்கிறார்கள். மறுபடி அடிக்கும்போது பிழை நுழையும். 'தொடர்ப்புக்கு', 'வரவேற்ப்பு' எல்லாம் இப்படி வந்தவைதான். வெட்டுவதற்கு முன் திரையில் ஒரு முறை, ஒட்டுவதற்கு முன் தாளில் ஒரு முறை, எழுத்துக்கூட்டிப் படியுங்கள். வினைலில் ரப்பர் கிடையாது.

இன்னொரு விஷயம், இதைக் கேட்டால் கடைக்காரரே உங்களை மதிப்பார்: "வெல்ட் பண்ணியாச்சா?", அதாவது எழுத்தின் துண்டுகளை ஒன்றாக்கியாச்சா என்று. தமிழ் ஃபான்ட்களில் 'கு', 'மூ' சிலவற்றில் இரண்டு துண்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். திரையில் ஒரே எழுத்தாகத் தெரியும். வினைல் வெட்டும் இயந்திரமான பிளாட்டருக்கு அது இரண்டு கோடு. ஏறிய இடத்தில் இரண்டையும் வெட்டிவிடும். ஒட்டிய பிறகு 'கு'வின் காலில் குறுக்கே ஒரு கீறல் தெரியும், அங்கிருந்துதான் பிரிய ஆரம்பிக்கும். எழுத்தைக் கர்வ் (கோட்டு வடிவம்) ஆக்கி, வெல்ட் செய்து, வயர்ஃப்ரேமில் (வெறும் கோடுகளாகக் காட்டும் பார்வையில்) பார்த்தால் உள்ளே கோடு இருக்கக் கூடாது.

போர்டு எழுதிக்கொண்டிருந்த காலத்தில் 'கு'வை ஒரே இழுப்பில் முடிப்போம். பிரஷ் எங்கே அழுத்தம், எங்கே மெலிவு என்று கை சொல்லும். பிளாட்டருக்கு வந்த பிறகும் எனக்கு அந்த இழுப்புத் தெரிகிற ஃபான்ட்தான் பிடிக்கிறது. ஒரே தடிமனில் ஓடுகிற நவீன ஃபான்ட்கள் தூரத்துக்கு நன்றாக இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் சாப்பாட்டுக் கடைப் பெயரில் கொஞ்சம் கை தெரிய வேண்டும். இது என் ஆசை, விதி அல்ல.

22 மார்ச்

முதல் நாளே இதைத்தான் எழுதியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது: பின் கண்ணாடி முழுக்க எழுதுவதை விட்டுவிடுங்கள்.

உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27-ல் கொடுத்த தீர்ப்பைப் பலர் 'கறுப்பு ஃபிலிம் தடை' என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வண்டியின் பாதுகாப்புக் கண்ணாடி மேல் கறுப்பு ஃபிலிமோ வேறு எந்தப் பொருளோ ஒட்டக் கூடாது என்பதுதான் அதன் சாரம். முன், பின் கண்ணாடி வழியாக 70 சதவீத வெளிச்சமும், பக்கக் கண்ணாடி வழியாக 50 சதவீதமும் போக வேண்டும் என்பது விதி 100. நாலு எழுத்துக்காக யாரும் நிறுத்துவதில்லை என்பது நடைமுறை. நிறுத்தினால் "எனக்கு உரிமை இருக்கிறது" என்று சொல்ல இடமில்லை என்பதும் உண்மை.

சட்டம் இல்லாவிட்டாலும் இதையேதான் சொல்வேன். டெலிவரி வண்டி தெருவில் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே இருக்கும். ஆம்னியின் பின்னால் சைக்கிளில் ஒரு குழந்தை நின்றால், அந்த உயரத்தில் கண்ணாடியின் கீழ்ப்பாதிதான் உங்களுக்குக் காட்டும். அந்த இடத்தில் 'வீட்டுமுறைச் சாப்பாடு' இருக்கக் கூடாது.

என் யோசனை: மெஸ் பெயர் மட்டும் கண்ணாடியின் மேல் ஓரத்தில், ஒரே வரியில். போன் நம்பரும் மற்றதும் கண்ணாடிக்குக் கீழே டிக்கியின் தகரத்தில். வண்டி வெள்ளை என்றால் அங்கே உங்கள் சிவப்பு அருமையாக எடுபடும். நம்பர் பிளேட்டில் மட்டும் எதையும் ஒட்டாதீர்கள், ஓரத்தில் சின்னச் சாமி படம்கூட வேண்டாம்.

'பிரஸ்', 'போலீஸ்', 'வக்கீல்' போடலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். 2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை இதற்குத் தனியாகவே நடவடிக்கை எடுக்கத் தொடங்கியது. எங்கள் கடையில் அந்த வேலை எடுப்பதில்லை.

24 மார்ச்

மேலே எழுதியதற்கு ஒரு திருத்தம். கேரளத்து நண்பர் சுட்டிக்காட்டியது சரி. விதி 100 பிறகு திருத்தப்பட்டது, தரச்சான்று உள்ள ஃபிலிமை 70, 50 சதவீத வரம்புக்குள் ஒட்டலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024-ல் சொல்லியிருக்கிறது. ஆனால் அது வெளிச்சம் ஊடுருவும் ஃபிலிம் பற்றியது. நாம் பேசுவது வெளிச்சத்தை முழுசாக மறைக்கும் எழுத்து. மேல் ஓரத்தில் ஒரு வரி என்ற என் யோசனை மாறவில்லை.

பொத்தல் பொத்தலாக வரும் ஒன் வே விஷன் ஸ்டிக்கர் ஒட்டினால் உள்ளிருந்து தெரியுமே என்று கேட்டவருக்கும் இதுவே பதில். பாதிப் பரப்பு மறைந்தால் 70 சதவீதம் எங்கிருந்து வரும்? மழைத்தண்ணீர் அந்த ஓட்டைகளில் தேங்கினால் உள்ளிருந்தும் தெரியாது.

5 ஏப்ரல்

கேள்வி கேட்டவர் எழுத்தை வெட்டி வாங்கிவிட்டாராம், தானே ஒட்டப் போகிறாராம். ஒட்டுவதை விரிவாக எழுதுகிறேன், அவசரப்படாதீர்கள்.

நேரம் முக்கியம். காலை ஏழு மணிக்குள், நிழலில். வெயிலில் நின்ற கண்ணாடியில் பசை தொட்டதும் பிடித்துக்கொள்ளும், திருத்த வழியே இல்லை. முந்தின நாளே ஷாம்பு தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். காலையில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைச் சுத்தமான பருத்தித் துணியில் தொட்டு ஒரே திசையில் துடையுங்கள். வீட்டில் இருக்கும் சானிடைசரை எடுக்காதீர்கள், அதில் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும், வழவழப்பு தங்கிவிடும். டாஷ்போர்டு பாலிஷ் கைபட்ட துணியும் கூடாது.

அளவு எடுப்பது கண்ணாடியின் ரப்பர் பீடிங்கிலிருந்து. ரசமட்டம் வைக்காதீர்கள். வண்டி நிற்கும் தரை சாய்வாக இருக்கும், மட்டம் சரியாகக் காட்டும், எழுத்து வண்டிக்குக் கோணலாக நிற்கும். மாஸ்கிங் டேப்பால் தாளோடு தற்காலிகமாக ஒட்டிவிட்டுப் பத்து அடி பின்னால் போய்ப் பாருங்கள். தமிழ் வரியில் வலது பக்கம் 'ஸ்' என்று முடிந்தால், கண்ணுக்கு வரி இடப்பக்கம் சாய்ந்த மாதிரி தெரியும். அரை இஞ்ச் வலதுக்குத் தள்ளினால் சரியாகிவிடும். டேப் அளவைவிட இந்த இடத்தில் கண்ணை நம்பலாம்.

இனி நடு கீல். வரியின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். அதைக் கீலாக வைத்து வலது பாதியைத் திருப்பி மடியுங்கள். பின் தாளை நடுவரை உரித்து, கத்தரியால் வெட்டி எடுங்கள். உரிக்கும்போது தாளை எழுத்திலிருந்து இழுங்கள், எழுத்தைத் தாளிலிருந்து இழுக்காதீர்கள். கையால் தொட்டால் ரேகை பசையில் நிற்கும். இடக்கையால் ஓரத்தைக் கண்ணாடியிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டே, வலக்கையில் ஸ்க்வீஜி (தட்டையான பிளாஸ்டிக் தேய்ப்பான்) வைத்து நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தேயுங்கள். ஒவ்வொரு இழுப்பும் முந்தின இழுப்பின் மேல் பாதி ஏறட்டும். வலது முடிந்தால் கீல் டேப்பை எடுத்துவிட்டு இடது பாதி.

மேல் டேப்பை (வெட்டிய எழுத்துகளைச் சேர்த்துப் பிடிக்க அவற்றின் மேல் கடையில் ஒட்டித் தரும் டேப்) உடனே பிடுங்காதீர்கள். புள்ளிகள் மேலும், 'ஸ்'ஸின் நுனி மேலும் கட்டைவிரலால் ஒரு முறை அழுத்திவிட்டு, சில நிமிடம் பொறுத்து, டேப்பை அதன் மேலேயே மடித்து, கண்ணாடியை ஒட்டியபடி மெல்ல இழுங்கள். நேராக உங்களை நோக்கி இழுத்தால் புள்ளி டேப்போடு வந்துவிடும். வந்தால் பதறாமல் டேப்பைப் பழையபடி படுக்க வைத்து, அந்தப் புள்ளியை அழுத்தி, மறுபடி இழுங்கள்.

6 ஏப்ரல்

"ஷாம்பு தண்ணீர் தெளித்து ஒட்டினால் நகர்த்தலாமே?" ஆமாம், பெரிய லோகோவுக்கு நான் அப்படித்தான் செய்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டு போதும். ஆனால் புள்ளி நிறைந்த தமிழ் வரிக்கு வேண்டாம். அடியில் ஈரம் இருக்கும்வரை புள்ளி பிடிக்காது, மேல் டேப்போடு மிதந்து வந்துவிடும். அரை மணி காத்திருக்கப் பொறுமை இருப்பவர்கள் முயலலாம்.

உள்பக்கமாக ஒட்டுவது பற்றியும் கேட்கிறார்கள். துடைக்கும் துணியும் வாட்டர் சர்வீஸும் தொடாது, நல்லதுதான். மூன்றைக் கவனியுங்கள். எழுத்தைக் கண்ணாடி பிம்பமாக, திருப்பி வெட்ட வேண்டும். வெளியிலிருந்து தெரிவது பசைப் பக்கம், சில வினைலில் பசை சாம்பல் நிறம், வெள்ளை அழுக்காகத் தெரியும். புதிய கார்களில் பின் கண்ணாடி உள்ளே பனி போக்கும் சூட்டுக்கம்பிகள் கோடு கோடாக ஓடும். அவற்றின் மேல் ஒட்டினால், நாளைக்கு எடுக்கும்போது கம்பியும் சேர்ந்து வரும்.

3 மே

பழைய எழுத்தை எடுப்பது எப்படி என்று மூன்று பேர் கேட்டாயிற்று. நாளை அக்னி நட்சத்திரம் ஆரம்பம், இதற்கு மட்டும் வெயில் உதவி. மதியம் சூடான கண்ணாடியில் மூலையை நகத்தால் கிளப்பி, மெதுவாகக் கண்ணாடியோடு படிந்தபடி இழுத்தால் முழுசாக வரும். காய்ந்து பொடிப்பொடியாக வந்தால் ஹேர் டிரையர் காட்டுங்கள். மிச்சப் பசைக்கு நீலகிரித் தைலம் தடவி ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துணியால் உருட்டி எடுங்கள், பிறகு சோப்புத் தண்ணீர். வெளிப்பக்கக் கண்ணாடியில் சோப்புத் தண்ணீரோடு பிளேடு படுக்கையாகப் போகலாம். உள்பக்கத்திலும், சூட்டுக்கம்பி இருக்கும் கண்ணாடியிலும் பிளேடு கூடவே கூடாது. தின்னரைப் பெயின்ட் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

19 மே

கேள்வி கேட்டவர் படம் போட்டிருக்கிறார். மேல் ஓரத்தில் வெள்ளையில் பெயர், கீழே தகரத்தில் சிவப்பு நம்பர். 'ஸ்' மேல் புள்ளி ஒரு மிளகளவுக்குப் பெரிதாகத் தெளிவாக நிற்கிறது. எனக்கு ரொம்பச் சந்தோஷம். நம்பரில் ஐந்து இலக்கத்துக்குப் பின் இடைவெளி விட்டது நல்ல வேலை, ஓடும் வண்டியில் அப்படித்தான் மனதில் நிற்கும்.

ராத்திரி டெலிவரிக்கு ரேடியம் ஸ்டிக்கர் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போன் நம்பருக்குப் போடலாம், பெயருக்கு வேண்டாம். அது கண்ணாடி மணிகள் பதித்த தடித்த ஷீட். சாதாரண 45 டிகிரி பிளேடு சிறு சுழிகளில் தடுமாறும், 60 டிகிரி பிளேடு போட்டு மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். இங்கிலீஷ் எண்களில் சிறு சுழிகள் குறைவு, சுத்தமாக வந்துவிடும். 'ஞ', 'ணை' எல்லாம் மூன்று இஞ்சுக்குக் கீழே அதில் பிசிறடிக்கும். பின்பக்கம் என்பதால் சிவப்பு சரி. முன்பக்கத்தில் வெள்ளை மட்டும்தான் போட வேண்டும், சிவப்பு மின்னினால் எதிரில் வருகிறவர் உங்கள் வண்டி முன்னால் போகிறது என்று நினைத்துவிடுவார்.